கையால் செய்யும் பூல் கியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிப் மாற்றவும் கைப்பிடி நூலைப் புதுப்பிக்கவும் என்னிடம் கியூ, அதாவது மேசையில் பந்தடிக்கும் ஆட்டக்கோல், கொண்டுவருகிறவர்கள், வேலை முடியும்வரை உட்கார்ந்து பேசுவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்த இரட்டைத்துண்டுப் பூல் கியூவைப் பற்றியவை இவை. ஸ்நூக்கர் கியூ முடிவை ஒட்டி வருகிறது.

கியூ என்பது ஒரு வழவழப்பான கம்புதானே? அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

வழக்கமான பூல் கியூவின் நீளம் 58 அங்குலம். எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 510 முதல் 595 கிராம். முன்பாதிக்கு ஷாஃப்ட் என்றும் பின்பாதிக்கு பட் என்றும் பெயர். ஷாஃப்டின் நுனியில் தோலால் ஆன டிப் இருக்கும். அதற்கு அடியில் வெள்ளை நிறத்தில் ஃபெரூல். உலக்கைக்குப் பூண் போடுவது எதற்காகவோ அதே காரணத்துக்காகத்தான் அதுவும், அடி வாங்கும் மரம் பிளந்துவிடாமல் இருக்க. இரு பாதிகளும் சேரும் இடம் ஜாயிண்ட். பின்பாதியில் ஜாயிண்டை ஒட்டிய பகுதி ஃபோர்ஆர்ம், பிறகு கைப்பிடி, அதன் பின்னால் ஸ்லீவ், கடைசியில் ரப்பர் பம்பர்.

ஷாஃப்டின் நுனி பொதுவாக 12.75 முதல் 13 மி.மீ. விட்டம், நம் தச்சர் கணக்கில் நான்கு நூல். ஜாயிண்டில் அது ஏறத்தாழ 21.5 மி.மீ. ஆகியிருக்கும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் மரம் எப்படிப் பருக்கிறது என்பதிலேயே கியூ செய்பவரின் கைவண்ணம் பாதி அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கையால் செய்தது என்கிறார்கள். லேத்தில் கடைந்துதானே எடுக்கிறார்கள்?

ஆமாம், லேத் இல்லாமல் கியூ இல்லை. பல பெயர்பெற்ற கைவினைஞர்கள் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசி மெருகு வரை ஒருவரோ, மிகச் சிறிய பட்டறையில் இரண்டு மூன்று பேரோ ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் ‘கையால்’ என்ற சொல் குறிக்கிறது. ஒரு கட்டை மூன்றாவது கடைசலில் மெல்ல வளைந்தால் தொழிற்சாலையில் அது அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நல்ல கைவினைஞர் அதை விறகுக் குவியலில் போட்டுவிடுவார்.

இப்படிச் செய்பவர்கள் சேர்ந்து 1992இல் அமெரிக்காவில் ஒரு சங்கமும் அமைத்தார்கள், அமெரிக்கன் கியூமேக்கர்ஸ் அசோசியேஷன் என்ற பெயரில்.

ஒரு கியூவுக்கு ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? வேலை அவ்வளவா?

கத்தி மரத்தில் படும் நேரத்தைக் கூட்டினால் அவ்வளவு வராது. மரம் ஓய்வெடுக்கும் நேரம்தான் நீளம். மரத்துக்குள் இழுவிசைகள் உறைந்திருக்கின்றன. மேலடுக்கைக் கடைந்து எடுத்தவுடன் அந்தச் சமநிலை குலைந்து, மீதிக் கட்டை ஏதோ ஒரு பக்கம் சாயும். உடனே இறுதி அளவுக்குக் கொண்டுபோனால் இன்று நேராக இருப்பது அடுத்த மழைக்காலத்தில் வில்லாகும்.

அதனால் ஓர் அங்குலச் சதுரக் கட்டையை உருட்டாக்கி, தொங்கவிட்டு, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி ஒரு மி.மீ. அளவுக்கு எடுத்து, மறுபடி தொங்கவிட்டு என்று ஏழெட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை கடைகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை அடுத்த கடைசல் நீக்கும். இறுதி அளவை நெருங்க நெருங்கச் சாய்வது குறைய வேண்டும். குறையாத கட்டை கழிக்கப்படும். வாங்குபவர் கொடுக்கும் விலையில் அந்தக் கழிந்த கட்டைகளும் சேர்ந்திருக்கின்றன.

லாஸ் வேகாஸில் ஜெர்ரி ஃபிராங்க்ளின் 1982இல் தொடங்கிய சவுத்வெஸ்ட் பட்டறை காத்திருப்புக்குப் பேர்போனது. அவர் 1996இல் இறந்த பிறகு மனைவி லாரி ஃபிராங்க்ளின் அதைத் தொடர்ந்து நடத்தினார். ஆண்டுக்கணக்கில் நீளும் பட்டியல் இருந்தும் அவர்கள் கடைசல்களைக் குறைத்து வேகம் கூட்டவில்லை. எனக்கு அந்தப் பட்டறையின்மேல் மரியாதை வர அதுவே போதுமான காரணம்.

ஷாஃப்டுக்கு ஏன் எல்லோரும் மேப்பிளையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? நம் தேக்கு, ஈட்டி எல்லாம் ஆகாதா?

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளரும் கடின மேப்பிளுக்கு மூன்று குணங்கள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. துளைகள் மிகச் சிறியவை, எனவே விரல்களுக்கு இடையில் தடையின்றி வழுக்கும். விறைப்பும் மீள்தன்மையும் போதுமான அளவில் இருக்கின்றன. எடை நடுத்தரம். தேக்கு உறுதியானதுதான், ஆனால் அதன் துளைகள் பெரியவை, எண்ணெய்ப்பசையும் உண்டு. ஈட்டி முன்பக்கத்துக்கு மிகக் கனம். நுனி கனத்தால் என்ன கெடும் என்பதை, பந்து விலகுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மேப்பிளிலும் எல்லாம் உதவாது. வைரப்பகுதியை விட்டுவிட்டு வெளிறிய புறக்கட்டையைத்தான் எடுப்பார்கள். வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ரேகை நுனியிலிருந்து அடிவரை ஒரே நேராக ஓட வேண்டும். ரேகை பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் ஷாஃப்ட் வலுவிழக்கும், பின்னாளில் வளையவும் செய்யும். வட அமெரிக்கப் பேரேரிகளின் அடியில் நூறாண்டுக்கு மேல் மூழ்கிக் கிடந்த பழைய மரங்களை எடுத்து அறுத்து, அதில் ஷாஃப்ட் செய்கிறவர்களும் உண்டு. மெதுவாக வளர்ந்த பழங்காட்டு மரங்கள் அவை, அதனால் வளையங்கள் மிக நெருக்கம்.

பின்பாதிக்குக் கருங்காலி போடுவது அழகுக்காகவா?

அழகும் உண்டு, எடையும் உண்டு. பின்பாதி கனமாக இருந்தால்தான் சமநிலைப் புள்ளி கைப்பிடிக்குச் சற்று முன்னால் வந்து அமையும். கருங்காலி, கோகோபோலோ, ஈட்டி வகைகள், ஊதா நிறப் பர்ப்பிள்ஹார்ட், புள்ளி புள்ளியாகச் சுழி விழுந்த பேர்ட்ஸ்ஐ மேப்பிள் எல்லாம் பழக்கத்தில் இருப்பவை. ஒவ்வொன்றும் அடியின் அதிர்வைக் கைக்கு ஒவ்வொரு விதமாகக் கொண்டுவருகிறது. கருங்காலி அதிர்வை அடக்கி உறுதியாகக் காட்டும். மேப்பிள் உயிர்ப்போடு துள்ளும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலியும் அமெரிக்கப் பட்டறைகளில் காணும் கருங்காலியும் ஒரே பேரினம், வெவ்வேறு இனங்கள். அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது நடு ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து வருவது. இரண்டுக்கும் பொதுவான கெட்ட குணம், காயும்போது எளிதில் வெடிப்பது. முனைகளுக்கு மெழுகு பூசி, ஆண்டுக்கணக்கில் மெல்லக் காயவிட்டால்தான் வெடிப்பு குறையும்.

என் கியூவைப் பிரித்தபோது உள்ளே வேறு மரம் இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, நன்றாகச் செய்திருக்கிறார்கள். கனமான, முரண்டு பிடிக்கும் மரத்தை நடுவே நீளத் துளையிட்டு, உள்ளே நேர்ரேகை மேப்பிள் உருளையை எப்பாக்சி பசையோடு செருகுவதற்குக் கோரிங் என்று பெயர். வெளிமரம் வளையப் பார்த்தால் உள்மரம் தடுக்கும். மிகக் கனமான மரத்தின் எடையும் குறையும். துளை நடுவிலிருந்து விலகாமல் போக வேண்டும், பசை இடைவெளியில்லாமல் நிரம்ப வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அடிக்கும்போது உள்ளே ஒரு கரகரப்பு கேட்கும். சிக்கனத்துக்காகச் செய்யும் வேலையல்ல இது. கோரிங் செய்யாத கியூவைவிடக் கூடுதல் உழைப்பு.

ஃபோர்ஆர்ம் எனும் முன்பகுதியில் இருக்கும் நீண்ட கூர்முனைகள் வரைந்தவையா, ஒட்டியவையா?

மலிவான கியூவில் அச்சடித்த படலம். நல்ல கியூவில் அவை ஒவ்வொன்றும் தனி மரம். இந்தக் கைத்தொழிலில் நான் மிகவும் வியப்பது இதைத்தான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய முறை முழுப் பிணைப்பு. முன்மரத்தையும் பின்மரத்தையும் விரல்களைக் கோத்ததுபோல் நீண்ட ஆப்புகளாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள். உருட்டிக் கடைந்ததும் ஆப்புகள் கூர்முனைகளாகத் தெரியும். முன்பகுதிக்கும் கைப்பிடிக்கும் இடையில் வேறு மூட்டே தேவையில்லை. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்கள் இப்படிச் செய்யப்பட்டவை. அமெரிக்கக் கைவினைஞர்கள் பலர் அவற்றை வாங்கி அறுத்து, இரட்டைத்துண்டுக் கியூவாக மாற்றித்தான் தொழிலைத் தொடங்கினார்கள்.

மற்றது குறும் பிணைப்பு. முன்பகுதிக் கட்டையின் நான்கு பக்கங்களில் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளம் கைப்பிடிப் பக்கம் ஆழமாகத் தொடங்கி, ஜாயிண்ட் பக்கம் போகப்போக ஆழம் குறைந்து மறையும். அதில் சதுரமான வேற்று மரத்தின் ஒரு மூலையைப் பதித்து ஒட்டுவார்கள். அந்த மூலையின் இரு முகங்களிலும் முன்கூட்டியே வண்ணமிட்ட மெல்லிய மரத்தாள்கள், வெனீர் என்பவை, ஒட்டப்பட்டிருந்தால் கடைந்த பிறகு கூர்முனையைச் சுற்றிப் பச்சை, சிவப்பு, கறுப்புக் கோடுகளாக அவை மின்னும். அதாவது அந்தக் கோடுகள் மேற்பரப்பில் தீட்டியவை அல்ல, உள்ளே ஆழம்வரை போகின்றவை.

இப்போது கடினமான இடம். பள்ளத்தின் சரிவு மிக மெதுவானது, ஏறத்தாழ 35 மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. ஆழம். ஆகவே கடையும்போது மையம் பத்தில் ஒரு மி.மீ. விலகினாலும் ஒரு பக்கக் கூர்முனை மூன்று நான்கு மி.மீ. குட்டையாகி, எதிர்ப்பக்கக் கூர்முனை அதே அளவு நீண்டுவிடும். நான்கு முனைகளும் ஒரே வளையத்தில் நின்றால் அந்தப் பட்டறையில் மரம் ஓய்வெடுத்திருக்கிறது, மையம் காக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கியூவைக் கையில் எடுத்தவுடன் நான் பார்ப்பது இதைத்தான்.

சி.என்.சி. இயந்திரத்தில் பதித்த கூர்முனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுழலும் வெட்டுக்கருவிக்கு ஒரு பருமன் உண்டு. அது வெட்டும் பள்ளத்தின் முனை நுணுக்கமாக உருண்டிருக்கும். பிணைப்பில் வரும் முனை ஊசி போல் முடியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், பதித்த முனையையும் கத்தியால் கூராக்கி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடம் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பிணைப்பில் முடியாத வளைவுகளையும் பூவேலைகளையும் பதிப்பில்தான் செய்ய முடியும். பதித்ததைப் பிணைத்தது என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

ஜாயிண்டில் எந்தத் திருகு சிறந்தது?

அதிகமாகக் காண்பவை சில. 5/16-14 என்பது அங்குலத்துக்குப் பதினான்கு புரி கொண்ட மெல்லிய திருகு. பழைய எஃகு வளைய ஜாயிண்டுகளில் இது வரும்; ஷாஃப்டின் அடியில் சிறு முளை ஒன்று எஃகு வளையத்துக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும். 3/8-10 தடித்த திருகு. பெரும்பாலும் ஷாஃப்டின் மரத்திலேயே புரி வெட்டி, முகத்தோடு முகம் தட்டையாகச் சேர்ப்பார்கள். ரேடியல் திருகின் புரிகள் அடியில் உருண்டிருக்கும், அதனால் மரத்தோடு படியும் பரப்பு கூடுதல். யூனி-லாக் சில சுற்றுகளிலேயே இறுகிவிடும்.

எஃகு ஜாயிண்ட் விறைப்பாக அடிக்கும், மர ஜாயிண்ட் மென்மையாக அடிக்கும் என்பார்கள். எஃகு சில கிராம் எடையை முன்னால் கொண்டுவருவது உண்மை, ஒலியும் மாறும். அதற்கு மேல் நான் கவனிப்பது ஒன்றுதான். இரு முகங்களுக்கும் இடையில் விளக்கு வெளிச்சம் ஊடுருவக் கூடாது. முகங்கள் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால் எந்தத் திருகும் நல்ல திருகு.

அடிக்கும்போது உள்ளே ஏதோ அதிர்கிற சத்தம் வருகிறது. மரம் விரிசல் விட்டிருக்குமா?

முதலில் எளியவற்றைப் பாருங்கள். பம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் எடைத்திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிப், ஃபெரூல், ஜாயிண்ட் வளையம். பெரும்பாலும் இங்கேயே விடை கிடைக்கும்.

இவை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், முன்பகுதியும் கைப்பிடியும் சேரும் ஏ-ஜாயிண்ட். குறும் பிணைப்புக் கியூவில் இந்த மூட்டு தவிர்க்க முடியாதது. உள்ளே முளையும் திருகும் எப்பாக்சியும் வைத்துச் சேர்த்து, மேலே வளையத்தாலும் நூலாலும் மூடிவிடுவார்கள். கியூவில் வாங்குபவர் கண்ணுக்கு ஒருபோதும் படாத இடம் இது. கைவினைஞரின் நேர்மையை அறிய இதைவிடச் சிறந்த இடம் இல்லை. பசை போதாமல் இறுக்கியிருந்தால் சில ஆண்டுகளில் அதிர்வு தொடங்கும். பழுது பார்க்க முடியும், ஆனால் கைப்பிடியைத் திறந்து செய்ய வேண்டிய வேலை.

டேப்பர் என்கிறார்களே, ஷாஃப்ட் ஒரே சீராகத்தானே ஒல்லியாகிறது?

இரு வழிகள் உண்டு. நுனியிலிருந்து ஜாயிண்ட் வரை கூம்பாக ஒரே சரிவில் பருப்பது ஒன்று. குழிகள் இல்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸிலும் ஸ்நூக்கரிலும் இது அதிகம், விறைப்பு கூடும். நுனியிலிருந்து 10 முதல் 14 அங்குலம் வரை விட்டம் அதிகம் மாறாமல் போய், பிறகு பருக்கத் தொடங்குவது புரோ டேப்பர். விரல் வளையத்துக்குள் கியூ முன்னும் பின்னும் போகும்போது தடிப்பு மாறாததால் பூல் ஆட்டக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு கைவினைஞரும் தமக்கென ஒரு வளைகோடு வைத்திருப்பார். பல ஆண்டு பரிசோதனையில் வருவது அது, எளிதில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

பக்கவாட்டில் அடித்தால் வெள்ளைப் பந்து குறியிலிருந்து விலகிப் போகிறது. கைவேலைக் கியூவில் இது இருக்காதா?

எல்லாக் கியூவிலும் இருக்கும். வலப்புறம் அடித்தால் பந்து சற்று இடப்புறம் தள்ளிக் கிளம்பும். டிப் பந்தைத் தொட்டிருக்கும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஷாஃப்டின் நுனி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. நுனியின் எடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பந்தும் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். முன்பக்கத்துக்கு ஈட்டி ஆகாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. விறைப்பு அல்ல, நுனியின் எடைதான் இங்கே முதன்மையானது.

1994இல் தொடங்கிய பிரிடேட்டர் நிறுவனம் இதைக் குறிவைத்து, பத்து ஆப்புத்துண்டுகளை வட்டமாக ஒட்டி, நுனியில் குடைந்து எடை குறைத்த ஷாஃப்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் கார்பன் ஃபைபர் ஷாஃப்டுகளும் வந்தன. இன்று பல கைவினைஞர்கள் பின்பாதியைத் தாமே செய்து, வாங்குபவர் விரும்பினால் இத்தகைய ஷாஃப்ட் பொருந்தும்படி திருகு வைத்துத் தருகிறார்கள். மர ஷாஃப்டிலேயே ஃபெரூலைக் குட்டையாக்கி, நுனியை ஒல்லியாக்கி விலகலைக் குறைப்பவர்களும் உண்டு. விலகல் குறைந்தால் குறி வைப்பது எளிது என்பது உண்மை. ஆனால் பழைய ஷாஃப்டின் விலகலுக்குக் கண் பழகியவர் மாறினால், சில மாதங்கள் அவர் ஆட்டம் கெடும் என்பதும் உண்மை.

டிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? அது ஒரு சிறு தோல்துண்டு.

பந்தைத் தொடும் ஒரே பொருள் அதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் டிப்பைக் கொண்டுவந்த பெருமை பிரான்ஸின் மிங்கோ என்ற ராணுவ அதிகாரிக்குத் தரப்படுகிறது. அதற்கு முன் மர நுனி பந்தில் வழுக்கும், நடுவைத் தவிர வேறு இடத்தில் அடிக்க முடியாது. வழுக்காமல் இருக்க டிப்பில் தேய்க்கும் இப்போதைய சாக் கட்டியின் கலவைக்கு 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை பெற்றார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் பந்தைச் சுழற்றும் ஆட்டத்தைச் சாத்தியமாக்கின.

பழைய டிப்புகள் ஒற்றைத் தோல். இன்று பன்றித்தோல் அடுக்குகளை ஒட்டிச் செய்யும் டிப்புகள் பரவலாகிவிட்டன. ஜப்பானின் மூரி, கமுயி பெயர்கள் இதில் முன்னணி. அடுக்கு டிப் விலை அதிகம், ஆனால் வடிவம் அவ்வளவு சீக்கிரம் பரந்து கெடாது.

கைப்பிடிக்கு நூலா, தோலா? வேர்வை அதிகம் வருகிறது.

வேர்வைக்கு ஐரிஷ் லினன் நூல்தான் என் தேர்வு. உறிஞ்சும், உலரும், வழுக்காது. நூலின் தடிமனுக்கு மரத்தில் பள்ளம் கடைந்து, லேத்தை மெல்லச் சுழற்றி, பசைமேல் சுற்றுக்குச் சுற்று இடைவெளியின்றி ஓட்டி, முனையை உள்ளே மறைத்து, பிறகு கஞ்சி ஏற்றி அழுத்தித் தேய்ப்பார்கள். நன்கு செய்த நூற்சுற்றில் நகத்தை வைத்து இழுத்தால் மரத்துக்கும் நூலுக்கும் இடையில் படி தட்டாது. தோல் கைக்கு இதமானது, ஆனால் தையல் சேரும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பிடியில் எதுவுமே சுற்றாமல் மரமாகவே விடுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல மரமென்றால் அதையும் பரிந்துரைப்பேன்.

மேலே பளபளவென்று இருப்பது வார்னிஷா?

பின்பாதியில் பெரும்பாலும் கார்களுக்குப் பூசும் வகைத் தெளிபூச்சு, அல்லது புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு. பல அடுக்குகள் பூசி, இடையிடையே தேய்த்து முடிப்பார்கள். ஷாஃப்டில் அப்படிப் பூசினால் விரலில் ஒட்டும், எனவே துளையடைக்கும் மெல்லிய பூச்சும் மெழுகும் போட்டு, தோலால் தேய்த்துச் சூடேற்றி மெருகிடுவதோடு நிறுத்துவார்கள். வீட்டில் ஷாஃப்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் நுனியின் விட்டம் அந்த 13 மி.மீ.யிலிருந்து குறைந்துகொண்டே வரும்.

என் கியூ வளைந்துவிட்டது. நேராக்கித் தர முடியுமா?

முதலில் எது வளைந்தது என்று பார்ப்போம். மேசையில் உருட்டும்போது ஷாஃப்டையும் பின்பாதியையும் தனித்தனியே உருட்டுங்கள். இரண்டும் தனியே நேராக இருந்து, பூட்டியபின் மட்டும் நுனி ஆடினால் குறை மரத்தில் இல்லை, ஜாயிண்ட் முகத்தில் இருக்கிறது. அது சரிசெய்யக் கூடியது. ஷாஃப்டே வளைந்திருந்தால் சூடு காட்டியும் எடை தொங்கவிட்டும் தற்காலிகமாக நேராக்கலாம். மரம் தன் வளைவுக்குத் திரும்பிவிடும். புது ஷாஃப்ட் செய்துகொள்வதே வழி.

வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். அமெரிக்காவில் வெப்பமூட்டிய பட்டறைகளில் மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதத்தில் இருக்கும்போது கியூ செய்கிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ காற்று அதைவிட ஈரமானது, மரம் அதை உறிஞ்சித்தான் நிலைபெறும். புதுக் கியூ வந்ததும் பெட்டியை ஒரேயடியாகத் திறந்து ஆடாமல், உறையோடு அறையில் சில நாட்கள் விட்டு வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

படத்தில் பார்த்த பாலபுஷ்கா கியூ ஏன் இவ்வளவு விலை?

ஜார்ஜ் பாலபுஷ்கா 1912இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். தச்சர். 1959இல் கியூ செய்யத் தொடங்கி, 1975இல் இறந்தார். அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் செய்தவை மட்டுமே இருக்கின்றன என்பதால் விலை ஏறியது. முதலில் முன்னே சொன்ன டைட்லிஸ்ட் கட்டைகளைப் பயன்படுத்தினார். பிறகு சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயின், பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்த பிணைப்புக் கட்டைகளை வாங்கினார். கூர்முனைகளை அவர் தாமே பிணைக்கவில்லை என்று இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நல்ல கட்டை எது என்று அறிந்து, அதன்மேல் தன் ஜாயிண்டையும் டேப்பரையும் சேர்த்து, எங்கு எடுத்தாலும் ஒரே மாதிரி அடிக்கும் கியூவைத் தந்ததுதான் அவர் சாதனை. அதற்கு முன் சிகாகோவில் கியூ செய்த ஹெர்மன் ராம்போ போட்ட பாதை அது.

1986இல் வந்த ஹாலிவுட் படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்பட்டது உண்மையில் ஜாஸ் நிறுவனம் செய்த கியூ. அந்தப் படத்தைக் காட்டி, ‘இதேபோல் இருக்கிறது’ என்று விற்க வந்தால் அதனாலேயே சந்தேகப்படுங்கள்.

தந்தம் வைத்த பழைய கியூ வெளிநாட்டில் கிடைக்கிறது. வாங்கி வரலாமா?

வேண்டாம். பழைய ஃபெரூல்களிலும் பதிப்பு வேலைகளிலும் தந்தம் உண்டு. இந்தியாவில் 1986இலும் 1991இலும் வந்த சட்டத் திருத்தங்களால் இந்தியத் தந்தம், வெளிநாட்டுத் தந்தம் இரண்டின் வணிகமும் தடைசெய்யப்பட்டுவிட்டது. அமெரிக்காவும் 2016இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தது. தந்தம் போல் தோன்றும் செயற்கைப் பொருட்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஒரு விலங்கைக் கொன்று எடுத்த பல்லைவிட அவை ஃபெரூலாக நீண்ட நாள் உழைக்கின்றன, தந்தம் போல் விரிசல் விடுவதில்லை.

ஈட்டி வகை மரத்தில் செய்த கியூவுக்கும் தடையா?

டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அதாவது ஈட்டியும் கோகோபோலோவும் உட்பட, 2017 ஜனவரியில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2019இல் விதி தளர்ந்து, பெரும்பாலான இனங்களில் ஒரு பொதியில் அந்த மரம் 10 கிலோவுக்கு மிகாத முடிந்த பொருட்களுக்கு விலக்கு வந்தது. ஒரு கியூ அதற்குள் அடங்கும். ஆனால் பிரேசில் ஈட்டி 1992 முதலே மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதற்கு இந்தத் தளர்வு கிடையாது. ஆகவே கியூ செய்பவரிடம் மரத்தின் அறிவியல் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ரோஸ்வுட்’ என்று மட்டும் எழுதிய ரசீது சுங்கத்தில் உதவாது.

நான் ஆடுவது ஸ்நூக்கர். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

மரம் ஓய்வெடுப்பது, ரேகை, மையம் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். மற்றவை மாறும். ஜபல்பூரில் 1875இல் பிறந்து, உதகமண்டலம் கிளப்பில் விதிகள் எழுதிச் சுவரில் ஏறிய ஆட்டம் ஸ்நூக்கர். அதன் கியூ இங்கிலாந்தின் மரபில் வளர்ந்தது. ஷாஃப்டுக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம், ரேகைகள் அம்புக்குறிகளாக மேலே அடுக்கப்பட்டிருக்கும். டிப் 9 முதல் 10 மி.மீ., ஃபெரூல் பித்தளை, கைப்பிடியில் சுற்று கிடையாது.

பிணைப்பும் வேறு. ஆஷ் கட்டையின் நான்கு முகங்களையும் அடியை நோக்கிச் சரித்து இழைத்து, ஒவ்வொன்றின்மேலும் கருங்காலிப் பலகையை ஒட்டி, பிறகு இழைப்புளியால் கையாலேயே உருட்டாக்குவார்கள். லிவர்பூலின் பெரடான், லண்டனின் ஜான் பாரிஸ் பட்டறைகள் இந்த மரபில் பெயர் பெற்றவை. கையால் இழைத்த முனைகள் அலைபோல் மெல்ல உருண்டு வரும்.

தாத்தா காலத்துக் கியூ ஒன்று கிடைத்தது. தேய்த்துப் புதுப்பூச்சு போட்டுவிடலாமா?

யார் செய்தது என்று தெரியும்வரை எதையும் தொடாதீர்கள். தேய்த்தால் மரம் குறையும். மரம் குறைந்தால் கூர்முனைகள் குட்டையாகும் என்பதை மேலே பார்த்தோம். கையொப்பமோ அடையாளமோ பூச்சுக்கு அடியில் இருந்தால் அதுவும் போய்விடும். ஜாயிண்ட் திருகு, முனைகள், வளையங்கள், பம்பர் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பழைய கியூக்களைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள்.

ஆடுவதற்கு வேண்டுமென்றால் டிப்பை மாற்றலாம், அழுக்கேறிய நூலைப் புதிதாகச் சுற்றலாம். இரண்டும் திரும்பச் செய்யக்கூடிய வேலைகள். பழைய ஷாஃப்ட் மெலிந்திருந்தால் அதைத் தேய்த்து ஒட்டுப்போடாமல், அதே திருகுக்குப் புது ஷாஃப்ட் ஒன்று செய்துகொண்டு, பழையதைப் பின்பாதியோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால், வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பழைய ஷாஃப்டைத்தான்.